தொட்டால் தோஷம் இல்லாத கை

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில், குறுகிய மாடிப்படி ஏறிப் போக வேண்டிய அந்த வேன் கம்பெனியில் அந்த ஆண்டி வேலை வருஷா வருஷம் முனீராவுக்குத்தான். ஆயுத பூஜை போட்டுவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் அங்கே ஒருவரும் கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது. ஆனால் கம்ப்யூட்டரில் கை வைக்காமல் அந்தக் கம்பெனி அரை நாள்கூட ஓடாது. டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், இவர்களை வீட்டுக்குக் கீழே வந்து ஏற்றிக்கொண்டு போய், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து இறக்குகிற வேன்கள் அவை. பூஜை நாள் என்று சிறுநீரகம் என்ன, லீவா போடும்?

மேனேஜர் ரமணன்தான் வழி கண்டுபிடித்தார். "முனீரா, நீ தொட்டா தோஷம் இல்லலா. அன்னிக்கு நீ மட்டும் வந்து பார்த்துக்க, போதும்." கம்பெனியின் இரண்டு சர்வர்களையும் பார்த்துக்கொள்கிற வேலை அவளுடையது. ஆபீசுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களில் ஒரே முஸ்லிமும் அவள். முதல் வருஷம் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சுண்டலும் சர்க்கரைப் பொங்கலும் டப்பாவில் கட்டிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த வருஷமும். காய்ச்சலில் கிடந்தபோதும் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் பட்டுப்புடவையும் வேட்டியுமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி மூலையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பாள். தோஷம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? அவள் கையை ஒரு கையாகவே யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். இது புரிய அவளுக்குக் கொஞ்ச காலம் ஆனது. புரிந்த நாளிலிருந்து வயிறு எரிந்தது.

இந்த வருஷம் அவள் லீவு போட்டாள். உம்மா மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்படுகிற நாள் அது. தங்கை ஆயிஷா கூடப் போகிறாள். உம்மா இத்தனை தூரம் விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை, முனீரா சாங்கி விமான நிலையத்துக்குப் போய் வழியனுப்ப வேண்டும். ரமணனுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப யாரு தொடறது?" என்று கேட்டார். கேள்வியைப் பாருங்கள்! "யாரும் தொட வேணாம் பாஸ். லிஸ்ட் எல்லாம் முன்னாடியே போட்டு வெச்சுட்டுப் போறேன். டிரைவர் ஃபோனுக்கு அதுவா போயிடும். அவசரம்னா எங்கிருந்தாலும் நான் உள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வரவில்லை. அதற்கான ஏற்பாட்டை அவளே செய்து வைத்திருந்தாள். இரண்டு சர்வர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் எந்த வேன் யாரை ஏற்ற வேண்டும் என்கிற லிஸ்ட் ஓடுகிறது, இன்னொன்றில் பழைய பதிவுகள் கிடக்கின்றன. ஒன்றின் முதுகிலிருந்து இன்னொன்றின் முதுகுக்கு ஒரு சாம்பல் நிற சீரியல் ஒயரைச் சொருகியிருந்தாள். ஏதாவது ஒரு சர்வரின் நெட்வொர்க் வாசல் அடைத்துக்கொண்டால், அடுத்த சர்வருக்குள் போய், இந்த ஒயர் வழியாகக் கொல்லைப்புறமாக நுழைந்து உள்ளிருந்து திறந்துவிடலாம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து வைக்கிற மாதிரிதான். ஒயர் வழியாக ஆள் வந்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்படி இரண்டு பக்கமும் எழுதி, வேண்டுமென்றே நெட்வொர்க்கைப் பிடுங்கிவிட்டு நுழைந்தும் பார்த்திருந்தாள். பழைய காலத்துச் சமாசாரம்தான், எழுத்துகூட ஊர்ந்துதான் வரும். ஆனால் வரும்.

சாங்கியில் பெட்டிகளை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, உம்மா கழுத்தில் தொங்கிய குரூப் அட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. ரக்ஷனா. கம்பெனியில் ஃபோன் எடுக்கிற பெண்.

"கா, டிரைவருங்க எல்லாம் கத்துறாங்க கா. யாருக்கும் லிஸ்ட் வரல. ஆப் சுத்திக்கிட்டே இருக்கு."

"யாராவது எதையாவது தொட்டீங்களா?"

"நாங்க யாரும் தொடல கா. பாஸ்தான் வீட்டுல இருந்து..." என்று இழுத்தாள் ரக்ஷனா. பின்னாலிருந்து ரமணன் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

விஷயம் இதுதான். விடியற்காலையிலேயே பூஜையை முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பொங்கலும் வடையும் சாப்பிட்ட மனிதருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஃபயர்வாலை இறுக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, லிஸ்ட் ஓடுகிற சர்வருக்குள் போய், வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றையும் மூடு என்று ஒரு கட்டளையைப் போட்டுவிட்டார். அது மூடிவிட்டது. டிரைவர்களையும் மூடிவிட்டது, அவரையும் வெளியே தள்ளி மூடிவிட்டது. பதறிப்போய், கட்டின வேட்டியோடு ஆபீசுக்கு ஓடி வந்திருக்கிறார்.

"இன்னிக்கு எதையும் தொடக்கூடாதுன்னு நீங்கதானே பாஸ் சொல்லுவீங்க?"

"தொடலயே முனீரா! ரிமோட்லதானே பண்ணேன். மெஷின்ல கையே வைக்கல."

முனீராவுக்குக் காது மடல் சுட்டது. இவருடைய சாஸ்திரத்தில் இதற்கெல்லாம் ஓட்டை உண்டு. அவளுக்கு லீவு கொடுக்கத்தான் ஓட்டையே கிடையாது. திட்ட நேரமில்லை என்று வாயை மூடிக்கொண்டு, தூணோரத்தில் தரையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டாவது சர்வர் நல்லபடியாகத் திறந்தது. அதிலிருந்து சீரியல் வழியைத் திறந்து என்டர் தட்டினாள். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினாள். கருப்புத் திரை அவளைப் பார்த்தது. அந்தப் பக்கம் ஆளே இல்லை.

"பாஸ், சர்வர் பின்னால ஒரு சாம்பல் கலர் ஒயர் இருக்குமே, ரெண்டுக்கும் நடுவுல?"

"அதுவா? அத எடுத்துட்டேன்லா."

"எடுத்துட்டீங்களா!"

"நேத்து பூஜைக்குச் சுத்தம் பண்ணோம். மத்த ஒயர்ல எல்லாம் பச்சை லைட் மினுக்குது. இதுல லைட்டே எரியல. டெட் கேபிள்னு கழட்டி, தொடைச்சு, சுருட்டி, சாமி முன்னால வெச்சாச்சு. சந்தனம் குங்குமம் எல்லாம் வெச்சாச்சு." ஏதோ உபகாரம் செய்த குரலில் சொன்னார்.

சீரியல் ஒயரில் லைட் எரியாது. எந்தக் காலத்திலும் எரிந்ததில்லை. இதை அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள், ஒரு தடவை இல்லை, பல தடவை. சொன்னபோதெல்லாம் தலையாட்டிவிட்டு ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"அக்கா, கூப்பிடறாங்க, உம்மா தேடறாங்க" என்று ஆயிஷா வந்து தோளைத் தொட்டாள். "இதோ வரேன், ஒரு நிமிஷம்" என்றாள் முனீரா. இந்த ஒரு நிமிஷத்துக்கு அளவு கிடையாது என்று அக்கா தங்கை இருவருக்குமே தெரியும்.

"பாஸ், அந்த ஒயரை எடுத்துப் பழையபடி சொருகுங்க. நீங்க ஒண்ணும் டைப் பண்ண வேணாம். சொருகினா போதும், மீதிய நான் இங்கிருந்தே பார்த்துக்கறேன்."

ரமணன் குரலைத் தழைத்துக்கொண்டு சொன்னார். "படைச்சதை எப்படி எடுக்கறது? நாளைக்குக் காலைல மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். நீ ஒண்ணு பண்ணு. ஒரு டாக்சி புடிச்சு வந்துடு. நீ எடுத்தா தோஷம் இல்ல. டாக்சி காசு கம்பெனி கொடுக்கும்."

"ரக்ஷனாவை எடுக்கச் சொல்லுங்க."

"நான் எடுக்கறேன் கா!" என்று ரக்ஷனாவின் குரல் கேட்டது. "ஏய், சும்மா இரு" என்று ரமணன் அவளை அதட்டுவதும் கேட்டது.

இந்தச் சமயத்தில்தான் முனீராவின் ஃபோனில் இன்னொரு அழைப்பு வந்தது. கோவிந்தசாமி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது, பின்னாலேயே சிறுநீரகமும் போய்விட்டது. ஆங் மோ கியோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். கம்பெனி நம்பர் கிடைக்காவிட்டால் முனீராவைக் கூப்பிடுவார், அவள்தான் நம்பர் கொடுத்து வைத்திருந்தாள். போன மாதம் ஒரு தடவை டயாலிசிஸ் தவறிப்போய், நெஞ்சில் நீர் கோத்து, ஆம்புலன்ஸில் போனவர். மோட்டார் நாற்காலி என்பதால் டாக்சிக்காரர்கள் கண்டதும் பறந்துவிடுவார்கள். வேன் வந்தால்தான் அவருக்கு வழி.

"முனீராம்மா, வேன் எங்க? புளோக் கீழதான் ரொம்ப நேரமா உக்காந்திருக்கேன். சென்டர்ல இருந்து நர்ஸ் ஃபோன் பண்ணிடுச்சு. நான் போகலன்னா என் டயாலிசிஸ் நாற்காலிய அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்களாம்." பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கியது.

"உடம்பு எப்படி இருக்கு?"

"நேத்து ராத்திரியே படுக்க முடியல. உக்காந்துதான் தூங்கினேன்."

டாக்சி பிடித்துச் சிராங்கூன் ரோட்டுக்குப் போய், மாடி ஏறி, ஒயரைச் சொருகி, வேனை அனுப்புவதற்குள் அந்த நாற்காலி போய்விடும். பழைய காலம் என்றால் பேப்பர் லிஸ்ட் இருந்திருக்கும், டிரைவர் நம்பர்கள் சுவரில் ஒட்டியிருக்கும். பேப்பர்லெஸ் ஆபீஸ் என்று பெருமையாக அதையெல்லாம் கிழித்துப் போட்டவரும் இதே ரமணன்தான். இப்போது எந்த டிரைவர் எந்தப் பக்கம் போகிறார் என்பதுகூட மூடிக் கிடக்கிற அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

"அண்ணே, நீங்க லைன்லயே இருங்க" என்று சொல்லி, இரண்டு அழைப்புகளையும் ஒன்றாகச் சேர்த்தாள்.

"பாஸ், இப்ப நம்ம பேஷண்ட் கோவிந்தசாமி அண்ணனும் லைன்ல இருக்கார். நான் டாக்சி புடிச்சு வர முடியாது. வந்தாலும் பத்தாது. அதுவும் இல்லாம நான் வர மாட்டேன். அந்த ஒயரை நீங்க எடுங்க."

"என்ன முனீரா, பேஷண்ட்டை எல்லாம் லைன்ல..."

"நீங்கதானே மூடினீங்க? நீங்கதானே கழட்டினீங்க? அப்ப நீங்கதான் எடுக்கணும். என் கைக்குத் தோஷம் இல்ல, தோஷம் இல்லன்னு இத்தனை வருஷமா சொல்லிட்டீங்க. கேட்டுக்கிட்டேன். இன்னிக்கு என் கை சாங்கியில இருக்கு. உங்க கை அங்க இருக்கு. அவருக்கு மூச்சு வாங்குது பாஸ், கேக்குதா இல்லையா?"

விமான நிலையத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு நோயாளியின் மூச்சைக் காட்டி மேனேஜரை மிரட்டுகிறோமே என்று உள்ளே ஒரு மூலையில் அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. உறுத்தினாலும் விடவில்லை.

"யாருப்பா அது, ரமணனா?" என்றார் கோவிந்தசாமி. "நானும் பூஜை போட்டவன்தான். கிரேனுக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டினவன்தான். பூஜை அன்னிக்குக் கப்பல்ல ஒரு ஆளு அடிபட்டுக் கிடந்தான். சாமி கும்பிட்ட அதே கிரேனை எடுத்துத்தான் தூக்கி எறக்கினேன். எந்தச் சாமியும் என்னை ஒண்ணும் கேக்கல. நீ சாமி பேரைச் சொல்லிக்கிட்டு என்னை இங்க உக்கார வெச்சிருக்கியே, இதைத்தான் அது கேக்கும்." அதற்குமேல் பேச மூச்சு இல்லை. இருமினார்.

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியைத் தள்ளுகிற சத்தம். தாம்பாளம் நகர்கிற சத்தம். "சரி, எடுத்துட்டேன்" என்றார் ரமணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு முனை லிஸ்ட் சர்வர் பின்னால. இன்னொரு முனை அடுத்ததுல. ஒம்பது ஊசி இருக்கிற இடம். ரெண்டு முனையும் ஒரே மாதிரிதான், வேற எங்கயும் நுழையாது. அழுத்திச் சொருகி, ரெண்டு பக்கமும் திருகை முறுக்குங்க."

"சொருகிட்டேன்."

என்டர் தட்டினாள். கருப்பு. மறுபடி தட்டினாள். கருப்புதான்.

"நல்லா அழுத்தினீங்களா?"

"முழுசா போகல. ஏதோ அடைக்குது."

"ஒயர் முனைல என்ன இருக்கு?"

"சந்தனம்" என்றார் ரமணன். அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை. பெரிய மனது பண்ணி, முனையின் ஓட்டைகளிலேயே அப்பிக் குங்குமத்தையும் வைத்திருந்தார். அது காய்ந்து இறுகிவிட்டது.

"ரக்ஷனா, உன்கிட்ட சேஃப்டி பின் இருக்கா? பாஸ்கிட்ட கொடு. பாஸ், ஒவ்வொரு ஓட்டையா நோண்டி எடுங்க. தண்ணி படக்கூடாது. ஏதாவது துணியால தொடைங்க."

"துணி..."

"வேட்டி கட்டியிருப்பீங்கள்ல?"

பட்டு வேட்டியின் நுனியால் மேனேஜர் ரமணன் சந்தனத்தைத் துடைக்கிற காட்சியை முனீராவால் பார்க்க முடியவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே கண்ணாடித் தடுப்புக்கு அருகில் உம்ரா கூட்டம் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தது. உம்மா வெள்ளைத் துணியில், சின்னப் பிள்ளை மாதிரி, எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஆயிஷா கையை உயர்த்தி இவள் இருக்கிற தூணைக் காட்டினாள். முனீரா எழுந்திருக்கப் பார்த்தாள். சார்ஜர் ஒயர் இழுத்தது. காதில் ஃபோன், மடியில் லேப்டாப். உட்கார்ந்தபடியே கையை ஆட்டினாள். உம்மா பார்த்தாரா இல்லையா, தெரியவில்லை. கட்டிப்பிடித்து, கையை முத்தமிட்டு, எனக்காகத் துஆ செய்யுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்து வைத்திருந்தாள். வரிசை உள்ளே போய்விட்டது.

"இப்பத் தட்டு" என்றார் ரமணன்.

தட்டினாள். ஒரு கணம் கருப்பு. பிறகு எழுத்துகள் ஊர்ந்து வந்து பெயர் கேட்டன.

முனீரா பெயர் கொடுத்தாள், பாஸ்வேர்டு கொடுத்தாள். உள்ளே போய், ரமணன் போட்டிருந்த கட்டளையைத் தேடிப் பிடித்துக் கழற்றி எறிந்தாள். பழையதைத் திரும்பப் போட்டாள். ரக்ஷனாவின் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த ஃபோன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. "லிஸ்ட் வந்துடுச்சாம் கா! டிரைவர் ரவூப் அண்ணன் ஆங் மோ கியோவிலதான் இருக்காராம், இப்பவே போறாராம்!" என்று ரக்ஷனா கத்தினாள். முனீரா கோவிந்தசாமியிடம் வேன் வருகிறது என்று சொல்லி அவர் லைனை விட்டுவிட்டு, டயாலிசிஸ் சென்டருக்கு ஃபோன் போட்டு, கோவிந்தசாமி வந்துகொண்டிருக்கிறார், நாற்காலியைக் கொடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். நர்ஸ் பெருமூச்சு விட்டுச் சரி என்றாள்.

லேப்டாப்பை மூடப் போனாள். கம்பெனி லைன் இன்னும் திறந்தே இருந்தது. அங்கே புதிதாக ஒரு குரல் கேட்டது. முதலாளி சுந்தரம். ரமணனுக்குத் தாய்மாமன். மதியத்துக்குப் பிரசாதத்தோடு வருகிற வழக்கம், இன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டார் போலிருக்கிறது.

"என்னடா ரமணா, தாம்பாளம் எல்லாம் கலைஞ்சு கெடக்கு?"

"ஒண்ணும் இல்ல மாமா. சிஸ்டத்துல சின்னப் பிரச்சனை. முனீரா சாங்கியில இருந்தே சரி பண்ணிடுச்சு. நாங்க யாரும் எதையும் தொடல."

முனீராவுக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. இத்தனையும் நடந்த பிறகும் அவருக்கு அந்தக் கவலைதான்! இவளுடைய உம்மா போய்விட்டார், கோவிந்தசாமியின் உயிர் நூலில் தொங்கியது, இவருக்கு யார் தொட்டது, யார் தொடவில்லை என்பதுதான் பெரிது. அதற்கும் இவளுடைய கைதான் கிடைத்தது.

"சுந்தரம் ஐயா!" என்று கத்தினாள். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் திடுக்கிட்டு எழுந்தே விட்டார். "நான் முனீரா பேசறேன். லைன் கட் ஆகல. அவர் சொல்றது பொய். சர்வரை மூடினது அவர். ஒயரைக் கழட்டினது அவர். சாமி முன்னால இருந்து எடுத்ததும் அவர்தான். அதுல ஒரு தப்பும் இல்ல, எடுக்க வேண்டியதுதான், எடுத்தார். அதை ஏன் மறைச்சு என் பேரைச் சொல்லணும்? நாளைக்கு ஒரு கெட்டது நடந்தா அதுவும் என் தலையிலதானே வந்து விடியும்?"

சுந்தரம்தான் பேசினார். வயதான குரல், அவசரமில்லாத குரல். "எடுத்தது எவனா இருந்தா என்ன. பேஷண்ட்டுங்க எல்லாரும் ஏறிட்டாங்களாடா?"

ரமணனுக்குத் தெரியவில்லை. யார் யார் காத்திருந்தார்கள், யாரை ஏற்றியாயிற்று, யார் இன்னும் புளோக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. லிஸ்ட் வந்த பிறகு அதை ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை.

"முனீரா, சொல்லேன்" என்றார் ஃபோனுக்குள் மெதுவாக.

முனீராவின் திரையில் வேன் ஏறியவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டிருந்தன. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

"அதே லிஸ்ட் உங்க டேபிள்ல இருக்கிற கம்ப்யூட்டர்லயும் வரும் பாஸ். திறந்து பார்த்து நீங்களே சொல்லுங்க."

"இன்னிக்கு அதுல..." என்று ரமணன் ஆரம்பித்தார்.

"படிடா" என்றார் சுந்தரம். "எல்லாப் பேரையும் படி."

கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. தடுமாறித் தடுமாறி ரமணன் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஏறியாச்சு, ஏறியாச்சு என்று சொன்னார். சில பெயர்களை உச்சரிக்கவே வரவில்லை, இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது வாயால் சொல்லியிருந்தால்தானே வரும். கோவிந்தசாமி, ஆங் மோ கியோ என்ற இடத்தில் நின்றார்.

"என்னடா?"

"இன்னும் ஏறல மாமா."

"அப்ப பாரு. ஏறுற வரைக்கும் அங்கயே உக்காந்து பாரு."

முனீரா ஃபோனை வைக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேறு ஏதோ ஒரு கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அவளும் தன் திரையில் அந்த ஒரு பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது பச்சையானதை அவள்தான் முதலில் பார்த்தாள். ஆனாலும் வாயைத் திறக்காமல், ரமணன் பார்த்துச் சொல்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

"ஏறிட்டார் மாமா" என்றார் ரமணன். "கோவிந்தசாமி ஏறிட்டார்."